எட்டு நூல்

"கை இன்னும் நல்லாத்தானே இருக்கு, ஏன் தொழிலை விட்டீங்க?" என்று கேட்காத ஆள் இல்லை. கண்டியில் பழைய சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இப்போது ஒரு வட்டமாகச் சேர்ந்திருக்கிறார்கள். ஞாயிறு காலையில் வாவியைச் சுற்றி வந்து, தேநீர் குடித்து, ஒருவர் சைக்கிளை இன்னொருவர் பார்த்துப் பொறாமைப்பட்டுவிட்டுக் கலைவார்கள். அவர்களுடைய ஆண்டு மலருக்கு என் தொழில் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். அந்தக் கேள்விக்கும் அதிலேயே பதில் வேண்டுமாம். வாயால் கேட்டவர்களிடமெல்லாம் முழங்கால் வலி என்று சொல்லித் தப்பித்துவிட்டேன். எழுத்தில் பொய் சொல்லப் பயமாக இருக்கிறது. சொன்னது காற்றோடு போகும், எழுதியது அலுமாரியில் இருக்கும்.

பயம் என்ற சொல் இதில் பலமுறை வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினால், கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டுவதற்குள் பூட்டினோமா என்று பார்க்க இறங்கித் திரும்பி நடப்பேன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று என் மனைவி சொல்லாத நாள் கிடையாது. சைக்கிள் கட்டுகிறவனுக்கு இது நல்ல குணம் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்த என்னைப் பத்தொன்பது வயதில் பிலிமத்தலாவையில் ஒரு சைக்கிள் கடையில் மாமா சேர்த்துவிட்டார். முதல் இரண்டு வருடம் டியூப் ஒட்டினேன், ரிம் நிமிர்த்தினேன், மண்ணெண்ணெயில் பால்ஸ் குண்டுகளைக் கழுவினேன். இடது பெடலுக்குப் புரி எதிர்த்திசையில் ஓடும் என்று தெரியாமல் இறுக்குகிறேன் பேர்வழி என்று கழற்றினேன். இதெல்லாம் எல்லாருக்கும் நடந்தது. முதலாளியைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அவரை ஹாஜியார் என்போம். அக்குறணைக்காரர். ஒல்லியான உடம்பு, வெள்ளைத் தொப்பி, சட்டைப் பையில் சோக்கட்டி. அவர் கோபப்பட்டுக் கத்தி நான் கேட்டதில்லை. வேலையாட்களை எப்போதும் "நீ" என்றுதான் கூப்பிடுவார். அந்த "நீ" இருக்கும்வரை தொல்லையில்லை. "நீங்க" என்று மாறினால் எங்கோ பிழை விட்டிருக்கிறோம் என்று அர்த்தம். "செல்வராஜ் தம்பி, நீங்க கொஞ்சம் இங்க வாங்களே" என்று அவர் தேன் ஒழுகக் கூப்பிட்டால் கடையில் சுத்தியல் சத்தம்கூட நின்றுவிடும்.

அவர் கடையில் ஒரு சட்டம் இருந்தது. ஒரு சைக்கிளில் கடைசி நட்டை யார் இறுக்குகிறானோ அவன்தான் அதை முதலில் ஓட்ட வேண்டும். கடையைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டு வர முடியாது. கடுகண்ணாவைக்குப் போய், மலையைக் குடைந்த அந்தக் கல்வாசல் வரை இறக்கத்தில் விட்டு, திரும்ப ஏறி வர வேண்டும். வந்ததும் ஹாஜியார் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"என்ன செல்லிச்சி?"

சைக்கிள் என்ன சொன்னது என்று கேட்கிறார். "செயின் கவர்ல உரசுது ஹாஜியார்" என்றால் சோக்கட்டியால் அந்த இடத்தில் ஒரு கோடு போடுவார். திருத்திவிட்டு மறுபடியும் கடுகண்ணாவை. "ஒண்ணும் சொல்லல" என்று நாம் சொல்லும்வரை சைக்கிளின் சொந்தக்காரன் கை அந்த ஹேண்டிலில் படக் கூடாது. வந்து காத்திருப்பவர் பெரிய உத்தியோகத்தர் என்றாலும் சரிதான்.

நான்காவது வருடம் அந்த இறக்கத்தில் நான் விழுந்தேன். முன் மட்காட்டைத் தாங்கும் கம்பியின் ஸ்க்ரூவை நான் பாதிதான் இறுக்கியிருந்தேன். இரண்டாவது வளைவில் கம்பி கழன்று ஆரக்கம்பிக்குள் புகுந்தது. சில்லு அப்படியே நின்றது, நான் நிற்கவில்லை. தாடையில் தையல் போட்டார்கள், தழும்பு இன்னும் இருக்கிறது. ரொட்டி விற்கும் பாண் வான் ஒன்றில் ஏறி வந்த ஹாஜியார் முதலில் சைக்கிளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நல்லம்" என்றார். "ஒன்ட பிழைல நீயே விழுந்த. வேற மனுசன் விழல்ல. அல்ஹம்துலில்லாஹ்."

இரத்தம் ஒழுக உட்கார்ந்திருப்பவனிடம் பேசுகிற பேச்சா அது? பல வருடம் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து இறக்கம் என்றால் எனக்குக் கை வியர்க்கும். ஆனாலும் ஓட்டினேன். ஓட்டாவிட்டால் "நீங்க" என்பாரே, அந்தப் பயம் இந்தப் பயத்தைவிடப் பெரியது.

ஹாஜியார் காலமான பிறகு மகன்மார் கடையைப் புடவைக் கடையாக்கினார்கள். நான் கட்டுகஸ்தோட்டையில் வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட ஓர் அறையில் தனியாகத் தொடங்கினேன். அந்தக் காலத்தில் எல்லாரும் மோட்டார் சைக்கிளுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். பழைய இங்கிலாந்துச் சைக்கிள்கள் கோழிக் கூட்டு மேல் கிடந்தன. எனக்கு அவற்றின் மேல் ஒரு பைத்தியம். தோட்டத்து பங்களா ஸ்டோர்களிலும், மாத்தளை ரோட்டுப் பழைய இரும்புக் கடைகளிலும், கம்பளையில் ஏலம் போட்ட வீடுகளிலும் பாகம் பாகமாகச் சேர்த்தேன். மூன்று கியர் ஹப் ஒன்று தையல் மெசின் சாமான் பெட்டிக்குள் கிடைத்தது. அதன் உள் ஊசியைத் தேடி எட்டு மாதம் அலைந்தேன். மடவளை பஸ்ஸில் ஒரு மட்காட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது, "அண்ணன், மிச்சச் சைக்கிள் பின் பஸ்ல வருதா?" என்று கொண்டக்டர் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது.

பிறகு காலம் திரும்பியது. நீண்ட பயணம் போகிறவர்களுக்குப் பழைய இரும்புச் சைக்கிள்தான் வேண்டும் என்று ஆட்கள் தேடி வந்தார்கள். பொதி தாங்கும் கெரியர், அகலமான டயர், மலைக்கு ஏற்ற கியர் எல்லாம் போட்டு, பழைய பிரேமைப் பயணச் சைக்கிளாக நான் கட்டிக் கொடுத்தேன். ஹாஜியாருடைய சட்டத்தையும் விடவில்லை. ஒவ்வொன்றையும் நானே முதலில் ஓட்டினேன்.

அறுபது தாண்டியதும் முழங்காலில் நீர் கோத்தது. "ஏத்தம் மிதிக்கிறதைக் குறைங்க" என்றார் டாக்டர். நான் ஏற்றத்தோடு சேர்த்து இறக்கத்தையும் நிறுத்திவிட்டேன். இறக்கத்துக்கு முழங்கால் எதற்கு? உட்கார்ந்தால் அதுவே போகும். ஆனால் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. அதன் பிறகு கட்டிய சைக்கிள்களை ஆற்றோரமாகச் சமதரையில் நான்கு சுற்று விட்டுப் பார்த்துக் கொடுத்தேன். சில வருடம் ஒன்றும் ஆகவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் வதனி டீச்சர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கண்டியில் ஒரு பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிறார். நாற்பத்தைந்து வயதிருக்கும். அவருடைய அப்பா அரசாங்க உத்தியோகத்தில் கண்டிக்கு மாற்றலாகி வந்தபோது ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்த சைக்கிள் ஒன்று வீட்டில் இருந்தது. அதைப் பயணத்துக்குத் தோதாகக் கட்டித் தர வேண்டும் என்றார். மஹியங்கனை வழியாக மட்டக்களப்புக்குத் தனியாக ஓட்டிப் போகப் போகிறாராம். அதாவது உடுதும்பறை தாண்டி அந்தப் பதினெட்டு வளைவு இறக்கம். போனவர்களுக்குத் தெரியும், ஒரு பக்கம் மலை, மறு பக்கம் ஒன்றுமில்லை.

"தனியாவா டீச்சர்?"

"ஓம் அண்ணை. துணைக்கு ஆக்களைக் கேட்டுக் கேட்டு நாலு வருசம் போட்டுது. இனித் தனியத்தான்."

பிரேம் நல்ல நிலையில் இருந்தது. முன் சில்லைப் பிடிக்கும் போர்க் மட்டும் எப்போதோ மதிலில் மோதி வளைந்திருந்தது. என்னிடமிருந்த இன்னொரு போர்க்கை எடுத்தேன். அதன் கழுத்துக் குழாய் இந்தப் பிரேமுக்குக் கொஞ்சம் நீளம். நுனியை வெட்டிவிட்டு, புரியைக் கீழ்நோக்கி இன்னும் கொஞ்சம் ஓட்ட வேண்டும். இங்கே ஒரு நிமிடம் நின்று விளக்கிவிடுகிறேன், விஷயமே இதில்தான் இருக்கிறது.

கழுத்துக் குழாயின் வெளிப்பக்கம், மேல் நுனியில் புரி வெட்டியிருக்கும். அதில்தான் பால்ஸ் கப் திருகி உட்காரும். குழாயின் உள்ளே ஹேண்டிலின் தண்டு இறங்கும். தண்டின் அடியில் ஓர் ஆப்பு இருக்கிறது. மேலே போல்ட்டை இறுக்கினால் ஆப்பு விரிந்து குழாயை உள்ளிருந்து கவ்விப் பிடிக்கும். புரி வெட்டிய இடம் மெலிந்த இடம். அதனால் ஆப்பு அதற்கும் கீழே, குழாய் முழுக் கனத்தோடு இருக்கும் இடத்தில்தான் கவ்வ வேண்டும். மெலிந்த இடத்தில் கவ்வினால், அழுத்தத்தில் என்றாவது ஒருநாள் குழாய் பிளக்கும். பிளந்தால் ஹேண்டில் கையோடு வரும், சில்லு தன் பாட்டுக்குப் போகும்.

புரி வெட்டும் வேலையை அக்குறணையில் லேத் வைத்திருக்கும் நஸீர் நானாதான் எனக்குச் செய்து தருவார். இருபது வருடப் பழக்கம், நானா என்று அண்ணன் முறையில்தான் கூப்பிடுவேன். எப்போதும் நேரில் போய், இவ்வளவு என்று குழாயில் நகத்தால் கீறிக் காட்டுவேன். அந்த வாரம் அடைமழை. டீச்சர் புறப்படும் நாளும் நெருங்கிவிட்டது. போர்க்கைச் சாக்கில் சுற்றி மாத்தளை பஸ்ஸில் அனுப்பிவிட்டு, நானாவுக்குப் போனில் சொன்னேன்.

"நானா, இப்ப உள்ள புரி பத்தாது. இன்னும் எட்டு நூல் வெட்டிருங்க."

"எட்டு நூல் தானே? செரி."

ஹாஜியார் கடையில் வளர்ந்த எங்களுக்கு நூல் என்றால் புரியின் ஒரு சுற்று. எட்டுச் சுற்று என்பது ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வரும். லேத்காரருக்கும் மரவேலைக்காரருக்கும் நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒன்று. எட்டு நூல் என்றால் முழுதாக ஓர் அங்குலம். இரண்டும் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் யோசிக்காமல் சொன்னேன். இருபது வருடமாக நகம் பேசியதால் அந்தச் சொல் எங்கள் இருவருக்கும் நடுவில் ஒருதரம்கூட வந்ததில்லை என்பது அப்போது தோன்றவில்லை.

போர்க் திரும்பி வந்தது. புரி துருப்பிடிக்காதிருக்க நானா கிரீஸை அப்பி, கடதாசி சுற்றி அனுப்பியிருந்தார். கப் வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கியது. மேலதிகமாக வெட்டிய புரி பிரேமுக்குள் மறைந்துவிட்டது. எனக்கோ பிரேக்கைப் பற்றிக் கவலை. அந்த இறக்கத்துக்குப் பிரேக் கட்டை போதுமா என்று மூன்று தடவை மாற்றினேன். ஆரக்கம்பி ஒவ்வொன்றையும் தட்டிக் கேட்டேன். ஆயிரம் இடத்தில் பேயைத் தேடினேன், பேய் இருந்த இடத்தைத் தவிர. போதாததற்கு, நாரி, அதாவது இடுப்பு, வலிக்கும் என்று டீச்சர் கேட்டபடி ஹேண்டிலை உயர்த்திக் கொடுத்தேன். உயர்த்தினால் ஆப்பும் மேலே வரும். சரியாக அந்த மெலிந்த இடத்துக்கு வந்து நின்றது.

ஆற்றோரம் நான்கு சுற்று. ஒன்றும் சொல்லவில்லை.

சைக்கிளைக் கொடுக்கும்போது டீச்சர், "ஏதும் சத்தம் கித்தம் வந்தால் என்ன செய்யிறது அண்ணை?" என்று கேட்டார். உலகத்தில் எல்லாவற்றுக்கும் பயப்படுகிற நான், அன்று அவருக்குத் தைரியம் சொன்னேன்.

"புதுசாக் கட்டின சைக்கிள் கொஞ்ச நாளைக்கு முனகும் டீச்சர். பயப்படாதீங்க."

அவர் புறப்பட்டது ஒரு திங்கட்கிழமை விடியற்காலை. அன்று ஒன்பதரை மணிக்கு நான் வேறொரு போர்க்கோடு அக்குறணையில் நானாவின் பட்டறைக்குப் போனேன். நானா அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கும் ஒரு இஞ்சி வெட்டணுமா செல்வண்ணே?"

"எதுக்கு ஒரு இஞ்சி?"

"போன முறை எட்டு நூல் வெட்டச் செல்லின தானே. ஒரு இஞ்சி. கூடப் போலதான் தெரிஞ்சிச்சி. நீங்க செல்லினா காரணம் ஈக்கும்னு வெட்டிட்டேன்."

பட்டறையில் லேத் ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் எனக்கு நின்றுபோனது. ஹேண்டிலை உயர்த்தியது, ஆப்பு வந்து நின்ற உயரம், கப் வழுக்கிக்கொண்டு இறங்கியது எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணுக்குள் அடுக்காக வந்தன. "நானா, எட்டுச் சுத்து" என்றேன். "நான் சொன்னது எட்டுச் சுத்து." அவர் என் முகத்தைப் பார்த்தார், கையிலிருந்த போர்க்கைப் பார்த்தார். விளக்கம் தேவைப்படவில்லை.

"அந்த டீச்சர் எங்க இப்ப?"

டீச்சரின் போனுக்கு அடித்தேன். அழைத்த இலக்கத்தை இப்போது அடைய முடியாது என்று ஒரு பெண் மூன்று மொழியிலும் அமைதியாகச் சொன்னாள். மறுபடி அடித்தேன். அதே பெண், அதே அமைதி. நானா லேத்தை நிறுத்திவிட்டு வானை எடுத்தார். ஸ்பெனர் பையை மடியில் வைத்துக்கொண்டு நான் பக்கத்தில் ஏறினேன்.

கட்டுகஸ்தோட்டையில் நெரிசல். மடவளைப் பக்கமாகக் குறுக்கே வெட்டித் திகனை ரோட்டைப் பிடித்தோம். எனக்குத் தெரிந்த கணக்கெல்லாம் போட்டுப் பார்த்தேன். ஆறு மணிக்குப் புறப்பட்டால், பொதியோடு, இந்த ஏற்றத்தில், ஹுன்னஸ்கிரியவுக்கு எத்தனை மணி? மெதுவாகப் போனால் பிழைத்தார். ஆனால் மெதுவாகப் போகிறவர் ஏற்றத்தில் ஹேண்டிலை இழுத்து இழுத்து மிதிப்பார், அந்த இழுவைதான் குழாயைப் பிளக்கும். விரைவாகப் போயிருந்தால் இந்நேரம் இறக்கத்தில் இருப்பார். எந்தப் பக்கம் கணக்குப் போட்டாலும் விடை ஒன்றுதான்.

"எனக்கு வெளங்காமப் போச்சே" என்று நானா ஸ்டியரிங்கில் கையால் அடித்தார். "நான் ஒரு வார்த்த கேட்டீக்கணும்."

"உங்க பிழை இல்ல நானா. பேசாம ஓட்டுங்க."

தெல்தெனியா தாண்டி ஒரு தேநீர்க் கடையில் வானை நிறுத்திக் கேட்டோம். "நோனா கெனெக் பைசிகலேன் கியாத?" என்று நானா சிங்களத்தில் கத்தினார். கடைக்காரர் ஆற அமர யோசித்துவிட்டு, ஒரு பெண் சைக்கிளில் போனதாகச் சொன்னார். எப்போது? "உதேம கியா" என்றார். காலையிலேயே போய்விட்டாராம். காலை என்றால் எட்டா, ஒன்பதா? அவருக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை.

ஹுன்னஸ்கிரியவில் மூடுபனியும் தூறலும். ரோடு ஈரம். பள்ளத்துப் பக்கம் இருந்த ஒவ்வொரு மதிலையும் நான் எட்டி எட்டிப் பார்த்தேன். எதைத் தேடினேன் என்று எழுதக் கை வரவில்லை. எதிரே வந்த ஒரு லொறிக்காரன் ஹோர்ன் அடித்தபோது, ஏதோ நடந்ததைச் சொல்லத்தான் அடிக்கிறான் என்று நினைத்து வானை நிறுத்தச் சொன்னேன். அவன் ஒதுங்கச் சொல்லித்தான் அடித்தான். ஹாஜியாருடைய குரல் காதில் கேட்டது. வேற மனுசன் விழல்ல. அந்த மூன்று சொல்லுக்கு அர்த்தம் எனக்கு நாற்பது வருடம் கழித்து, அந்த வானில்தான் தெரிந்தது.

உடுதும்பறை தாண்டி, இறக்கம் தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டோரக் கல்லில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். மடியில் சாப்பாட்டுப் பார்சல். சைக்கிள் மரத்தில் சாய்ந்திருந்தது. நான் வான் நிற்கும் முன் குதித்தேன். முழங்கால் வலித்ததா என்று இன்றைக்கும் தெரியாது.

"அண்ணை! நீங்கள் என்ன இஞ்சை?"

"டீச்சர், அதுல ஏறாதீங்க."

"இப்பத்தான் வெளிக்கிட இருந்தனான். இந்த இறக்கத்திலை இடையிலை நிக்காமல் போவம் எண்டுதான் சாப்பிட்டனான்" என்றார். பிறகு, "ஹுன்னஸ்கிரிய ஏத்தத்திலை இருந்து டிக் டிக் எண்டு ஒரு சத்தம். பாக் ஆடுது எண்டு நினைச்சு இறுக்கிக் கட்டினன். பிறகும் கேட்டது. நீங்கள் முனகும் எண்டு சொன்னியள்தானே, அதுதான் பேசாமல் வந்திட்டன்."

நான் ஸ்பெனரை எடுத்தேன். போல்ட்டைத் தளர்த்தித் தட்டி, தண்டை உருவினேன். மேல் நட்டைக் கழற்றிக் கப்பையும் எடுத்தேன். குழாய் முக்கால் வட்டம் பிளந்திருந்தது. மீதிக் கால் வட்டத்தில்தான் அவர் அந்த ஏற்றமெல்லாம் ஏறி வந்திருக்கிறார். விரலால் அசைத்தேன். குழாயின் நுனி ஒரு மோதிரம் போலக் கையோடு வந்துவிட்டது.

டீச்சர் அதை வாங்கிப் பார்த்தார். பிறகு எழுந்து போய் இறக்கத்தை எட்டிப் பார்த்தார்.

நானாதான் முதலில் வாய் திறந்தார். "டீச்சர், பிழை என்ட. இவர் செல்லின நூல் வேற, நான் வெட்டின நூல் வேற."

டீச்சர் நூல் கதையை முழுக்கக் கேட்டார். கணக்கு டீச்சர் அல்லவா, ஒரே தடவையில் விளங்கிவிட்டது. எட்டுச் சுற்றுக்கும் எட்டு நூலுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தரையில் குச்சியால் கீறிக்கூடப் பார்த்தார். கதை அதோடு முடிந்திருந்தால் எனக்கு நல்லது. ஒரு சொல்லின் மேல் பழியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"பிழை நடக்கும், அது வேறை. ஆனால் இந்தச் சத்தம் ஏத்தத்திலை எனக்குக் கேட்டதெண்டால், நீங்கள் ஓட்டிப் பாக்கேக்கை உங்களுக்குக் கேட்டிருக்குமே அண்ணை?"

"நான் மலையில ஓட்டிப் பாக்கல டீச்சர்."

"ஓ, முழங்கால் எண்டு சொன்னனீங்கள்."

"முழங்கால் இல்ல" என்றேன். "பயம். இறக்கம்னா எனக்குப் பயம். முப்பது வருசத்துக்கு மேல பயந்துகிட்டே ஓட்டினேன். முழங்கால் வலி வந்ததும், நல்ல சாட்டுன்னு விட்டுட்டேன். நான் பயந்து ஓட்டாத சைக்கிள்லதான் உங்கள ஏத்தி அனுப்பினேன்."

நானா வேறு பக்கம் பார்த்தார். டீச்சருக்கு ஆத்திரம் வந்தது இப்போதுதான். முகம் சிவந்து, கையிலிருந்த இரும்பு மோதிரத்தை இறுக்கிப் பிடித்தார்.

"பயமெண்டால் பயமெண்டு சொல்லியிருக்க வேணும் அண்ணை. நான் வேறை ஆளைக் கொண்டு ஓட்டிப் பாத்திருப்பன். 'பயப்படாதீங்க' எண்டு எனக்குச் சொல்லிப்போட்டு நீங்கள் வீட்டிலை இருந்தனீங்கள்."

மூவரும் சைக்கிளை வானில் ஏற்றிக்கொண்டு கண்டிக்குத் திரும்பினோம். வீட்டு வாசலில் இறங்கும்போது டீச்சர் சொன்னார்: "திருத்துங்கோ. அப்பாவின்ரை சைக்கிளை நான் விடப் போறேல்லை. ஆனால் நீங்கள் அந்தப் பதினெட்டு வளைவும் ஓட்டிக் காட்டினாப் பிறகுதான் நான் ஏறுவன்."

மூன்று வாரம் தேடினேன். கம்பளையில் ஒரு பழைய பங்களாச் சாமான் கடையில், அந்தப் பிரேமுக்குச் சரியான நீளத்தில், லேத் தொடாத ஒரு போர்க் கிடைத்தது. அதையும் நானாவிடம் கொண்டுபோனேன். இருவரும் வெளிச்சத்தில் வைத்து, புரி எங்கே முடிகிறது, ஆப்பு எங்கே நிற்கிறது என்று நகத்தால் கீறிக் கீறிப் பார்த்தோம். நூல் என்ற சொல்லை அன்று இருவருமே எடுக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, நல்ல வெயில். டீச்சர் உட்கார்ந்திருந்த அதே கல்லருகில் நானா வானை நிறுத்தினார். டீச்சரின் பொதி முழுவதையும் கெரியரில் கட்டினேன். அவர் சுமக்கப் போகும் பாரத்தோடு ஓட்டினால்தானே ஓட்டியதாகும். டீச்சர் வானில் முன்னால் போய் அடிவாரத்தில் நிற்பதாக ஏற்பாடு. "பாத்து வாங்கோ அண்ணை" என்றார். கோபம் முழுவதும் போகவில்லை என்று குரலில் தெரிந்தது.

வான் போனதும் நான் கல்லிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆப்பின் போல்ட்டை மறுபடி இறுக்கிப் பார்த்தேன். பிறகு ஏறினேன். முதல் வளைவில் இரண்டு பிரேக்கையும் பிடித்த பிடியில் விரல் மரத்துவிட்டது. மூன்றாவதில் மரக்கறி லொறி ஒன்று ஏறி வந்தது, நான் இறங்கி மலையோடு ஒட்டி நின்றேன். கீழே மஹியங்கனைச் சமவெளி பரந்து கிடந்ததாம், பார்க்கிறவர்கள் எல்லாம் படம் எடுக்கும் இடமாம். நான் ஹேண்டிலின் கழுத்தைத் தவிர எதையும் பார்க்கவில்லை. காது முழுவதும் அங்கேதான். வளைவுக்கு வளைவு நான் இறங்கி நின்றதாக நானா ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். அது பொய். நான்கு வளைவில் மட்டும்தான் இறங்கினேன்.

பதினோராவது வளைவுக்குப் பிறகு ஒன்று புரிந்தது. பயம் குறையவில்லை. ஆனால் அது இருந்ததால்தான் எனக்குக் காது கேட்டது. ஹாஜியார் கடையில் நான் நல்ல வேலைக்காரனாக இருந்தது பயத்தோடு ஓட்டியதால்தான். அந்தப் பயத்தை ஆற்றோரத்தில் நிறுத்திவிட்டு மனிதர்களை மட்டும் மலைக்கு அனுப்பிய வருடங்களை நினைத்து அழுகை வந்தது. சைக்கிளில் போய்க்கொண்டே அழுவது ஆபத்து என்று அதற்கும் பயந்து அடக்கிக்கொண்டேன்.

அடிவாரத்தில் டீச்சர் வானுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். நான் இறங்கியதும் சைக்கிளோடு சாய்ந்தேன், நானா ஓடிவந்து பிடித்தார்.

"என்ன செல்லிச்சி?" என்றார் நானா. ஹாஜியார் அவருக்கு வாப்பாவின் சிநேகிதர். அந்தக் கேள்வி அக்குறணை முழுவதற்கும் தெரியும்.

"ஒண்ணும் சொல்லல" என்றேன்.

டீச்சர் ஹேண்டிலைப் பிடித்தார். என் தோளைத் தட்டிவிட்டு ஏறி மிதித்தார். ஹசலக்கைப் பக்கம் ரோடு திரும்பும் வரை பார்த்துக்கொண்டே நின்றோம்.

ஏன் விட்டீர்கள் என்ற கேள்விக்குப் பதில் இதுதான். கட்டினவன் முதலில் ஓட்ட வேண்டும். இன்னொரு முறை அப்படி ஓட்ட என்னிடம் தைரியம் மிச்சமில்லை. ஓட்ட முடியாதவன் கட்டக் கூடாது. சேர்த்து வைத்த சாமான்களை உங்கள் வட்டத்துக்கே கொடுத்துவிட்டேன். அந்த இரும்பு மோதிரம் மட்டும் என் மேசையின் இழுப்பு லாச்சியில் இருக்கிறது.

டீச்சர் போன மூன்று நாளும் நான் போனைக் கையை விட்டுக் கீழே வைக்கவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் மட்டக்களப்பிலிருந்து ஒரு செய்தி வந்தது. படமும் இல்லை, வணக்கமும் இல்லை.

"முனகேல்லை அண்ணை."